மஞ்சூரியனின் சொந்த ஊர் மும்பை

கோபி மஞ்சூரியன் சீனாவிலிருந்து வந்தது என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கே போய்விடுவேன். கொல்கத்தாவில் பிறந்த சீன வம்சாவளிச் சமையல்காரர் நெல்சன் வாங், 1975 வாக்கில் மும்பையின் கிரிக்கெட் கிளப் ஆஃப் இந்தியாவில் செய்த சிக்கன் மஞ்சூரியன்தான் ஆரம்பம். இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய் வரை நம்மூர்த் தாளிப்புதான். கரம் மசாலா போடவேண்டிய இடத்தில் சோயா சாஸை ஊற்றினார். அப்புறம் கரைத்த சோளமாவு. அந்தப் பளபளப்பு அதனால் வருவதுதான். கோழி இருந்த இடத்தில் காலிஃபிளவர் வந்ததும் சைவக் கல்யாணப் பந்தி வரைக்கும் நுழைந்துவிட்டது. இன்று துபாய், நியூ ஜெர்சி என்று இந்தியர்கள் இருக்கும் இடமெல்லாம் கிடைக்கிறது.

கண்ணைப் பறிக்கும் அந்தச் சிவப்பு மட்டும் எனக்குப் பிடிக்காது. 2024 மார்ச்சில் கர்நாடக அரசு இதில் செயற்கை நிறம் சேர்க்கத் தடை போட்டது. சரியான வேலை! கிரேவியும் வேண்டாம், டிரையாக, ஓரம் லேசாகக் கருகியிருந்தால் போதும்.