அப்பாவின் கால்மாட்டில்

துருக்கிக்குப் போகிறவர்கள் மௌலானா ரூமி அடங்கியிருக்கும் கோன்யாவுக்கு ஜியாரத் போகாமல் திரும்ப மாட்டார்கள். நானும் போனேன். ஆனால் மனசு கிடந்தது கிர்ஷெஹிரில். பத்து வருஷமாக ஃபஜ்ர் தொழுகை முடிந்ததும் நான் கேட்கும் குரல், துருக்கி நாட்டுப்புறப் பாடகர் நெஷெத் எர்தாஷ், அங்கேதான் அடங்கியிருக்கிறார்.

வழியில் சூஃபி ஞானி ஹாஜி பெக்தாஷ் வலியின் தர்கா. அங்கே வாசற்படியை யாரும் மிதிப்பதில்லை. குனிந்து முத்தமிட்டுத் தாண்டுகிறார்கள். அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குள் கிர்ஷெஹிர்.

பாக்பாஷி மையவாடியில் முதலில் தந்தை முஹர்ரம் எர்தாஷின் கபர். அவர் 1984இல் மறைந்தவர். அவருடைய கால்மாட்டில் மகன். 2012 செப்டம்பர் 25 அன்று இஸ்மிரில் மறைந்த நெஷெத், தன்னை அப்பாவின் காலடியில்தான் அடக்க வேண்டும் என்று சொல்லிவைத்திருந்தார்.

நெஷெத்துடையது கல்யாண வீடுகளில் வாசித்துப் பிழைக்கும் அப்தால் என்ற இசைச் சமூகக் குடும்பம். சின்ன வயசிலேயே அப்பாவோடு ஊர் ஊராகப் போய் பாக்லமா என்ற நீண்ட கழுத்துள்ள தந்தி வாத்தியம் கற்றார். 1957இல் வந்த முதல் இசைத்தட்டில் பாடியதும் அப்பாவின் பாட்டைத்தான். அவர்களுடைய பாட்டுக்கு போஸ்லாக் என்று பெயர். எடுத்த எடுப்பிலேயே உச்சியில் கதறி, அப்புறம் படிப்படியாக இறங்கிவரும். முதல்முறை கேட்டபோது எனக்கு வார்த்தை ஒன்றும் விளங்கவில்லை, கண் மட்டும் நிறைந்துவிட்டது.

1970களின் கடைசியில் அவருக்கு விரல்கள் மரத்துப்போயின. விரலை நம்பி வாழ்ந்த மனிதர். சிகிச்சைக்காக ஜெர்மனி போனவர், 2000இல்தான் துருக்கி மேடைக்குத் திரும்பினார். அரசுக் கலைஞர் என்ற பட்டம் தேடி வந்தபோது, கலைஞர்கள் எல்லோருமே இந்த அரசின் கலைஞர்கள்தானே, எனக்கு மட்டும் தனியாக எதற்கு என்று மறுத்துவிட்டார். ரசிகர்களிடம் 'உங்கள் பாதத்தின் மண் நான்' என்பார். நம் மொழியில் அதற்கு அடிப்பொடி என்ற அழகான சொல் இருக்கிறது.

நான் போன நேரம் ஒரு பெரியவர் பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்தார். அப்பாவின் கபர் மேலிருந்த செடிக்கு முதலில் ஊற்றினார். மீதியை மகனுக்கு. கடைசிச் சொட்டு விழும்வரை பாட்டிலைக் கவிழ்த்துப் பிடித்திருந்தார். எந்த ஊர் என்று கேட்டார் போல. "ஹிந்திஸ்தான்" என்றேன். நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்தார்.

பிறகு நெஷெத்தின் கால்மாட்டுக்குப் போய் நின்று கையேந்தினார். நானும் பக்கத்தில் போய் நின்றேன். இரண்டு பேரும் ஃபாத்திஹா ஓதினோம்.