என் முதல் நம்பு டைப் 14 கைக்கு வந்த கதை

ஜப்பானிய ராணுவத்தின் நம்பு கைத்துப்பாக்கி ஒன்றாவது சொந்தமாக வேண்டும் என்பது எனக்கு ரொம்ப நாள் ஆசை. நான் இருப்பது டெக்சாஸில். ஐம்பது வருடத்துக்கு மேல் பழைய துப்பாக்கிகளைச் சேகரிப்பவர்களுக்கென்றே அமெரிக்க மத்திய அரசு ஓர் உரிமம் கொடுக்கிறது, சி அண்ட் ஆர் என்பார்கள். அது கையில் இருந்தால் வேறு மாநிலத்துக்காரரிடம் வாங்கியதைக்கூட நேரே வீட்டுக்கே வரவழைக்கலாம். மூன்று வருடத்துக்கு 30 டாலர். விண்ணப்பத்தைத் துப்பாக்கி உரிமங்களைக் கவனிக்கும் மத்திய அரசுத் துறையான ஏடிஎஃப்புக்கு அனுப்பி, ஊர் ஷெரிஃபுக்கும் ஒரு பிரதி கொடுத்தேன், ஏழாவது வாரம் தபாலில் வந்துவிட்டது. இதுவரை சுலபம்.

கஷ்டம் துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பதில்தான். "எல்லா நம்பரும் பொருந்தும்", அதாவது பாகங்களில் பொறித்த எண்கள் எல்லாம் ஒரே துப்பாக்கியுடையவை என்று விற்பவர் போனில் சொன்னதை நம்பிப் பணம் அனுப்பினேன். வந்தது நம்புவில் டைப் 14 என்ற மாடல். உடலின் வலப்பக்கத்தில் ஜப்பானியப் பேரரசரின் ஆட்சிக்காலப் பெயரான ஷோவாவைக் குறிக்கும் எழுத்தும் 16.3 என்றும் பொறித்திருந்தது. ஷோவா ஆண்டோடு 1925-ஐக் கூட்டினால் நம் ஆண்டு வரும், அதாவது 1941 மார்ச். கையுறை போட்ட விரல் நுழைவதற்காகப் பெரிதாக்கிய விசைக்காப்பு (விசையைச் சுற்றியுள்ள வளையம்), அதுவும் அந்தக் காலத்துக்குச் சரி. அப்புறம் தோட்டாக்களை அடைக்கும் மேகசினைக் கழற்றி அடியைப் பார்த்தேன், 482. உடலில் இருந்த நம்பரின் கடைசி மூன்று இலக்கம் 917. வயிற்றைப் பிசைந்தது. தோட்டாவை இடித்து வெடிக்கவைக்கும் ஊசியான ஃபயரிங் பின் மட்டும் மாறியிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன், ஏனென்றால் இந்தத் துப்பாக்கியில் அந்த ஊசி அடிக்கடி உடையும், அதற்காகவே துப்பாக்கி உறையில் உபரி ஊசி வைக்க இடம் விட்டிருந்தார்கள். மேகசின் அப்படியில்லை, துப்பாக்கியோடு பிறந்தது தொலைந்துவிட்டால் அதே நம்பரில் இன்னொன்று கிடைப்பது குதிரைக்கொம்பு. பத்து நாள் பேசிப் பேசித்தான் திருப்பி எடுத்துக்கொண்டார். வந்த தேதி, போன தேதி, யாரிடமிருந்து யாருக்கு என்று எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதியாக வேண்டும், உரிமத்தின் நிபந்தனை அது.

இரண்டாவது முறை பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னாலேயே உடல், அதற்குள் முன்னும் பின்னும் நகரும் போல்ட், மேகசின் அடி மூன்றிலும் உள்ள எண்களை கிட்டத்தில் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். டென்னஸியில் ஒரு பெரியவர், அவருடைய அப்பா 1945-ல் பிலிப்பைன்ஸின் லூசோன் தீவிலிருந்து கொண்டுவந்த துப்பாக்கி. மூன்றும் பொருந்தின. அதைவிட, போரில் கைப்பற்றிய பொருளை ஊருக்கு எடுத்துப்போகலாம் என்று அதிகாரி கையெழுத்திட்ட தாளும் கூடவே இருந்தது, நாலாக மடித்து மடிப்பில் கிழிந்த மஞ்சள் தாள். அதற்காகக் கூடுதலாகக் கேட்டார், மறுபேச்சில்லாமல் கொடுத்தேன். இந்தத் தாள் போனால் லூசோனும் அந்த மனிதரும் போய்விடுவார்கள், அப்புறம் மிச்சம் வெறும் இரும்புதான்.

இரும்பின் மேல்பூச்சான கருமை தேய்ந்த இடங்களில் புதிதாக நிறம் ஏற்றச் சொல்கிறார்கள் சிலர். நான் தொடமாட்டேன். மாதம் ஒருமுறை எண்ணெய்த் துணியால் துடைக்கிறேன், தாளை மடிப்பைப் பிரித்துத் தனி உறையில் போட்டுவிட்டேன். அடுத்து 1893-ன் டைப் 26 ரிவால்வருக்குப் பணம் சேர்க்கிறேன்.