உல்கீ போகிறவர்களுக்கு

மேற்கு மங்கோலியாவின் உல்கீ, தலைநகர் உலான்பாத்தரிலிருந்து சாலைவழி 1,600 கி.மீ.க்கும் மேல். பேருந்தில் இடுப்பு கழன்றுவிடும், விமானமே மேல். இறங்கியதும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுங்கள். இதை மறந்துவிட்டு வண்டிக்காரரைத் திட்டுகிறவர்கள் உண்டு!

பெரும்பான்மை கசாக் முஸ்லிம்கள். உரியாங்காய், துவா இனத்தவரும் மங்கோலியரும் உண்டு. எந்த வீட்டிலும் உப்புப் போட்ட பால் தேநீர் வரும். கிண்ணத்தின் வாயைக் கையால் மூடுங்கள், இல்லாவிட்டால் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். சைவர்கள் பருப்பும் அரிசியும் கொண்டுபோவது நல்லது. அங்கே இறைச்சிதான் சாப்பாடு.

அல்தாய் தவான் போக்து தேசியப் பூங்கா சீன, ரஷ்ய எல்லையோரம் இருப்பதால் எல்லைக் காவல் அனுமதி கட்டாயம். ஊரிலேயே, வேலைநாளில் வாங்குங்கள். சனிக்கிழமை வந்தால் திங்கள்வரை முடக்கம். மங்கோலியப் பணமான துக்ரிக் நோட்டும் ஊரிலேயே எடுத்துவிடுங்கள், மலைப்பக்கம் ஏடிஎம் கிடையாது. அக்டோபர் தொடக்கத்தில், பழக்கிய கழுகுகளோடு வேட்டைக்காரர்கள் போட்டியிடும் கழுகுத் திருவிழா: அறைக்கு அடிதடி, இரவில் உறைபனி.