அது வேற

"அப்ப அந்த நாதஸ்வரம், அண்ணே?" என்று என்னிடம் வேலை பழகிய தம்பி கேட்டான்.

"அது வேற" என்று சொல்லிவிட்டு ஹெட்போனை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டேன். அதில் எதுவும் ஓடவில்லை. கரண்ட் போய்ப் பத்து நிமிடம் ஆகியிருந்தது.

2022 வைகாசி. ஒலிப்பதிவுக்கு வைத்திருந்த அப்பிள் மெக் கொம்பியூட்டர் சித்திரையிலேயே படுத்துவிட்டது. போர்ட் போய்விட்டது, திருத்துவது வீண் என்றார்கள். அந்த வருடத் தொடக்கத்தில் 200 ரூபாயாக இருந்த டொலர் 360 ஆகியிருந்தது, புது மெக்கைக் கனவிலும் நினைக்க முடியாது. தெரிந்த வீட்டுப் பொடியன் ஒருவன் கேம் விளையாடிய விண்டோஸ் கொம்பியூட்டரை, அவன் வெளிநாடு போகிற அவசரத்தில் மலிவாக வாங்கினேன். பெட்டிக்குள் சிவப்பும் பச்சையுமாக லைட் எரியும். வைகாசியில் கண்ணகி அம்மனுக்குப் பாடுகிற குளிர்த்திப் பாட்டு ஒலிப்பதிவு செய்கிற அறையில் அது கலியாண வீட்டுச் சோடனை மாதிரி நின்றது.

பெட்டி வந்துவிட்டது, எதில் வேலை செய்வது? பாட்டைப் பதிந்து, வெட்டி ஒட்டிச் சேர்க்கிற சொஃப்ட்வெயாரில் பத்து வருடமாக நான் லொஜிக் புரோவில் பழகியவன். அது மெக்கில் மட்டும்தான் ஓடும். முன்பு விண்டோஸிலும் ஓடியதுதான். 2002 இல் அப்பிள் அதைச் செய்த ஜெர்மன் கம்பனியை வாங்கியதும் விண்டோஸ் பதிப்பை நிறுத்திவிட்டது. அன்று விண்டோஸ்காரர்கள் தெருவில் நின்றார்கள். இருபது வருடம் கழித்து என் முறை வந்தது, எதிர்ப்பக்கமாக.

தம்பி அடுத்த நாளே பென்டிரைவில் அதே வேலை செய்கிற கியூபேஸைக் கொண்டுவந்தான். கிராக் போட்டது, அதாவது காசு கட்டாமல் பூட்டை உடைத்தது. "எல்லா இடமும் இதுதான் அண்ணே. இஞ்ச படிச்சா கல்முனையிலயும் போய் இருக்கலாம், கொழும்பிலயும் போய் இருக்கலாம்." நான் அந்தப் பென்டிரைவைக் கையில்கூட வாங்கவில்லை. களவு சொஃப்ட்வெயார் இந்த அறைக்குள் வராது என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். வெளியே வாங்கில் இரண்டு பாடகர்கள் இருந்தார்கள், அவர்களுக்கும் கேட்கட்டும் என்று.

அதற்குத்தான் அவன் நாதஸ்வரத்தைக் கேட்டான்.

விளங்காதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் கோயில் பாட்டுகளில் கேட்கிற நாதஸ்வரம் ஆள் வாசித்தது இல்லை. யாரோ ஒரு கலைஞர் ஒவ்வொரு சுரமாக வாசித்துக் கொடுத்ததைப் பதிந்து, கீபோர்ட்டில் தட்டினால் வருகிற மாதிரிச் செய்து விற்கிறார்கள். நான் அதை விலைக்கு வாங்கவில்லை. சிநேகிதர் ஒருவரிடமிருந்து வந்தது, அவருக்கு இன்னொருவரிடமிருந்து. இரண்டு ஜிபிக்குக் கொஞ்சம் கூட. ஆறு வருடம் அதை வைத்து உழைத்திருக்கிறேன். தம்பிக்கு அது தெரியும், ஏனென்றால் அதை ஹார்ட்டிஸ்க்கிலிருந்து புது மெஷினுக்கு மாற்றித் தந்ததே அவன்தான், அந்தக் கிழமைதான்.

"அது வேற" என்றபோது என் மனதில் ஒரு நியாயம் இருந்தது. இப்போது அதை எழுத உட்கார்ந்தால் வார்த்தை வரமாட்டேன் என்கிறது. நாதஸ்வரம் ஒரு கருவி, கியூபேஸ் வேலை செய்கிற மேசை; மேசை ஆடினால் எல்லாம் ஆடும், அதனால்தான் அது நேரான வழியில் வர வேண்டும் என்று ஏதோ. கிராக் போட்டது கோயில் வேலை நடுவில் நின்றுவிட்டால் யாருக்குப் பதில் சொல்வது? வைரஸ் வந்தால்? இதெல்லாம் பொய்யில்லை. ஆனால் அன்று நான் யோசித்து முடிவெடுத்தேன் என்று சொன்னால் அது பொய்.

கியூபேஸ் புரோ அப்போது 580 டொலர் அளவில். இரண்டு லட்சத்துக்கு மேல். எஃப்எல் ஸ்டூடியோவின் டெமோவில் சேமிக்கலாம், சேமித்ததைத் திரும்பத் திறக்க ஏலாது. மிஞ்சியது இரண்டு. ஒன்று கேக்வோக், விண்டோஸுக்கு மட்டும், இலவசம், முழுதாக நேரானது. அதை ஏன் எடுக்கவில்லை என்று தம்பி கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. 2017 இல் அதன் பழைய முதலாளிகள் திடீரென்று கைவிட்டதும், அடுத்த வருடம் பேண்ட்லேப் கம்பனி எடுத்து இலவசமாக்கியதும் எனக்குத் தெரியும். ஒருமுறை கைவிடப்பட்ட பிள்ளையை நம்ப முடியாது என்று வைத்துக்கொண்டேன். 2023 இல் அதை நிறுத்தி சோனார் என்ற பெயரில் புதிதாகக் கொண்டுவரப்போவதாக அறிவித்தபோது, பார்த்தாயா என்று எனக்குள் ஒரு அற்பச் சந்தோசம். மறுகா 2025 இல் அந்தச் சோனாரையும் இலவசமாகத் தந்துவிட்டார்கள். அந்தச் சந்தோசமும் போய்விட்டது.

மற்றது ரீப்பர். அதைத்தான் எடுத்தேன். எங்களைப் போன்ற சிறிய இடங்களுக்கு 60 டொலர். அறுபது நாள் சும்மா பாவிக்கலாம், அதற்குப் பிறகும் அது நின்றுபோகாது, திறக்கும்போது மட்டும் வாங்கவில்லை என்று ஞாபகப்படுத்தும். பத்து எம்பி, பதினைந்து எம்பி அளவில் இறக்கிவிடலாம், எங்கள் டேட்டாவுக்கு அது பெரிய விசயம். நாளைக்கு மெக் வாங்கினாலும் அதே லைசன்ஸ் அங்கேயும் செல்லும். ஒருமுறை நடுத்தெருவில் நின்றவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்.

அந்த 60 டொலரையும் நான் கட்டவில்லை. அந்த மாதங்களில் இங்கிருந்து கார்டில் டொலர் கட்டுவது பெரும்பாடு. சுவிஸில் இருக்கிற மச்சான் கட்டினார், காசும் வேண்டாம் என்றுவிட்டார். ஆக நான் மார்தட்டிய நேர்மைக்கு என் கையிலிருந்து ஒரு சதம் போகவில்லை.

ரீப்பரில் ஒரு வசதி, எந்தக் கட்டையை அழுத்தினால் என்ன நடக்க வேண்டும் என்று நாமே வைத்துக்கொள்ளலாம். இரண்டு இரவு விழித்து எல்லாவற்றையும் லொஜிக் மாதிரியே மாற்றினேன். ஒலிப்பதிவுக்கு வெறும் ஆர். வெட்டுவதற்கு, ஒட்டுவதற்கு, எல்லாம் என் விரல் போகிற இடத்தில். தம்பி வெளியில் கியூபேஸில் பழகியவன். ஒலிப்பதிவு தொடங்க அவனுடைய விரல் நம்பர் கட்டைகளில் இருக்கிற நட்சத்திரக் குறிக்குப் போகும், கியூபேஸில் அதுதான்; அங்கே ஒன்றும் நடக்காது. ஒருமுறை பார்த்தேன், மூன்று தரம் அதையே அழுத்திவிட்டு விரலை மடக்கி மடியில் வைத்துக்கொண்டான். வேறு வீட்டுக் குசினியில் உப்பைத் தேடுகிற ஆள் மாதிரி. பாடகர் உள்ளே நின்று ஆரம்பிக்கவா என்று கேட்கிறார். நான் எட்டி ஆர் தட்டினேன்.

அதைக் கவனித்தேன். கவனித்தும் கட்டைகளை மாற்றவில்லை. ஆளுக்கொரு பட்டியல் சேமித்து வைத்து வேண்டும்போது மாற்றிக்கொள்ளலாம், அந்த வசதியும் அதில் உண்டு. பத்து நிமிட வேலை. இதை எழுதும்போதுதான் அந்தப் பத்து நிமிடம் உறுத்துகிறது, நாதஸ்வரத்தைவிட.

முதல் ஒலிப்பதிவே சொதப்பல். உடுக்கு அடிக்க வந்த பெரியவர் நாலு தட்டுத் தட்டிவிட்டு ஹெட்போனைக் கழற்றினார். "என்ட கை எனக்கே பிந்திக் கேக்குது மனே." மெக்கில் சொருகினால் வேலை செய்யும். விண்டோஸில், மைக்கைக் கொம்பியூட்டரோடு இணைக்கிற ஓடியோ பெட்டிக்கு அதற்குரிய டிரைவரைத் தனியாகப் போட வேண்டும், சத்தத்தைச் சேர்த்துவைத்து அனுப்புகிற அளவான பஃபரைக் குறைக்க வேண்டும். 1024 இல் கிடந்திருக்கிறது. செக்கனுக்கு 48,000 மாதிரி எடுக்கிற வேகத்தில் அது ஒருவழிக்கே 21 மில்லிசெக்கன், போய்வர நாற்பதுக்கு மேல். 128 ஆக்கினால் மூன்றுக்கும் குறைவு. நான் மெனு மெனுவாகத் தேடிக்கொண்டிருந்தேன். தம்பி குனிந்து இரண்டே சொடுக்கில் சரிசெய்தான். விண்டோஸ் அவனுடைய வீடு. இந்த அறையில் எது ஓட வேண்டும் என்று கேட்கத் தகுந்த ஆள் அவன்தான் என்பது அப்போது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பழைய வேலைகளைத் திறந்ததும் அவன்தான். ஹார்ட்டிஸ்க் மெக் முறையில் இருந்ததால் விண்டோஸ் அதைப் படிக்கவே இல்லை. தெரிந்த ஒருவரின் மெக்கில் வைத்து வேறு டிஸ்க்குக்கு மாற்றினோம். லொஜிக் கோப்பு மெக்கில் ஒரே பொருளாகத் தெரியும், விண்டோஸில் அது வெறும் ஃபோல்டர். தம்பி அதைத் திறந்து, மீடியா என்பதற்குள் போய், ஓடியோவை எடுத்து ஓடவிட்டான். 2019 இல் பாடிய ஒரு பெரியவரின் குரல். அவர் இப்போது இல்லை. நான் சுருதி திருத்தி, எக்கோ போட்டு, நாதஸ்வரத்துக்குக் கீழே வைத்த குரல்தான், ஆனால் ஒரு திருத்தமும் இல்லாமல். மூச்சு இழுக்கிற சத்தம், சிலம்பு தொடையில் இடிபடுகிற சத்தம், என் கீபோர்ட்டின் எந்தக் கட்டையிலும் இல்லாத ஒரு சுரத்தில் நின்று அம்மனைக் கூப்பிடுகிறார். குளிர்த்திக்கு உடுக்கும் சிலம்பும் போதும். நாதஸ்வரம் கேட்டது உபயகாரர். போட்டது நான்.

"இது நல்லாருக்கு அண்ணே" என்றான் தம்பி. வேறொன்றும் சொல்லவில்லை. குத்திச் சொன்னானா என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். அவன் அப்படிப்பட்டவன் இல்லை.

ஆவணியில் நின்றுவிட்டான். சண்டை ஒன்றுமில்லை, வீட்டில் வேலை இருக்கு அண்ணே என்றான். இப்போது களுவாஞ்சிகுடிப் பக்கம் சொந்தமாக அறை வைத்திருக்கிறான், கியூபேஸ்தான். கிராக்கா இல்லையா தெரியாது, கேட்கிற தகுதி எனக்கு இல்லை என்று சிலநேரம் நினைக்கிறேன். சிலநேரம், ஏன் இல்லை, நான் பாதியாவது நேராக இருந்தேனே என்று நினைக்கிறேன். பாதி நேர் என்று ஒன்று உண்டா என்பது வேறு விசயம். பார்த்தீர்களா, அங்கேயும் வேறு.

ரீப்பரை எடுத்தது பிழை என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றவில்லை. நாலு வைகாசி ஓடிவிட்டது, ஒருநாளும் வேலை நடுவில் நிற்கவில்லை. மங்கள வாத்தியக்காரர் ஒருவரைக் கூப்பிட்டு வாசிக்க வைக்க வேண்டும் என்று ஒவ்வொரு வருடமும் சொல்லிக்கொள்கிறேன். உபயகாரரின் பட்ஜெட்டைக் கேட்டதும் கை தானாக அந்த ஃபோல்டருக்குப் போகிறது.

போன கிழமை தம்பியிடமிருந்து வாட்ஸ்அப். "அண்ணே சுகமா. புது மெஷின் எடுத்திட்டன், பழைய டிஸ்க் போயிட்டு. அந்த நாதஸ்வரம் இருந்தா அனுப்புவீங்களா?"

படித்துவிட்டேன் என்பது அவனுக்குத் தெரியும், நீலக் கோடு விழுந்திருக்கும். இன்னும் பதில் போடவில்லை. இரண்டு ஜிபி, அனுப்ப நேரம் எடுக்கும்.