வாசலிலிருந்து நாற்பது அடி

உச்சிப்புளியில் பஸ்ஸை விட்டு இறங்கித் தெற்கே கடலைப் பார்த்துப் போனால், தார் ரோடு முடிந்ததும் மணல்தான். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பார்த்த முதல் ஊர் அந்த மணலுக்குள் இருந்தது. வயசானவர்கள் வீட்டை விட்டு வெளியே நடமாட எது உதவுமோ, அதைச் செய்துகொள்ள ஊர் ஒன்றுக்கு 25,000 ரூபாய் கொடுப்பது எங்கள் வேலை. தொகை சின்னது. அதனாலேயே அதை வீணாக்கிவிடக் கூடாது என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு.

முதல் வருஷம் வீணாகத்தான் போனது. ஊரைக் கேட்காமல் நாங்களே முடிவு செய்து வாக்கர் வாங்கிக் கொடுத்தோம். இரண்டு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால், ஓர் அப்பத்தா வீட்டு வாசலில் அதன்மேல் ஈர வலை காய்ந்துகொண்டிருந்தது. "நாலு காலும் மண்ணுக்குள்ள பொதையுது தாயி. அதைப் பிடுங்கவே ஒரு ஆளு வேணும்" என்றார். குறையாகச் சொல்லவில்லை. எனக்கு விளங்கட்டும் என்று பொறுமையாகச் சொன்னார்.

அவர் சின்ன வயசிலிருந்து கடல்பாசி எடுத்தவர். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் பாறைமேல் நின்று, முங்கி முங்கி மரிக்கொழுந்துப் பாசியைப் பறிக்கும் வேலை. முழங்கால் இரண்டும் அதிலேயே போய்விட்டது. அவர் வாசலிலிருந்து சிமெண்ட் ரோட்டுக்கு நாற்பது அடி இருக்கும். ரேஷன் கடை, ஓய்வூதியம் வாங்கும் இடம், கோயில், பேச்சுத்துணை எல்லாமே அந்த நாற்பது அடிக்கு அப்பால்.

அப்புறம் கேள்வியை மாற்றினோம். "என்ன வேணும்?" என்று கேட்டால் ஓய்வூதியத்தைக் கூட்டித் தரச் சொல்வார்கள். அப்போது மாசம் 1,200 ரூபாயில் குடும்பம் நடத்தியவர்கள் வேறு எதைக் கேட்பார்கள்? "நடக்கும்போது எந்த இடத்துல நின்னுடுறீங்க?" என்று கேட்டபோது பேச்சு வேறு பக்கம் போனது. வாய்க்கால் பலகை, சாவடிப் படி, ராத்திரிக் கழிப்பறை என்று ஒவ்வொன்றாக வந்தது. இருட்டில் போக வேண்டிவரும் என்று பொழுது சாய்ந்தால் தண்ணீரே குடிப்பதில்லை என்றார் ஒருவர். பக்கத்தில் இருந்த மூன்று பேர் நானும்தான் என்றார்கள். காசு கொடுத்துக் குடத்தில் தண்ணீர் வாங்கும் ஊர் அது. வாங்கிய தண்ணீரைக் குடிக்காமல் நாக்கு வறளப் படுத்துக் கிடந்திருக்கிறார்கள். அன்றைக்கு எனக்கு மேற்கொண்டு எழுத ஓடவில்லை.

கழிப்பறைக்குப் போகும் வழியில் இரும்புக் குழாய்க் கைப்பிடி போடலாம் என்றேன். கடலுக்குப் போவதை நிறுத்திவிட்ட ஒரு தாத்தா, "உப்புக் காத்துக்குத் துரு ஏறி உள்ளங்கையைக் கிழிக்கும்மா" என்றார். பனங்கட்டையை ஊன்றிப் படகுக் கயிற்றை இழுத்துக் கட்டுவோம் என்பது அவர் யோசனை. வேலை மீன்பிடித் தடைக்காலத்தில் நடந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, அதில் கூலிக்குப் போகிற பிள்ளைகள் ஊரில் இருந்தார்கள். ஆள்கூலி மிச்சம்.

தாத்தாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. கயிற்றில் அவரே முடிச்சுப் போட்டார். நேர்வழியில் கைக்கெட்டும் தூரத்துக்கு ஒரு முடிச்சு. வழி திரும்பும் இடத்தில் அடுத்தடுத்து இரண்டு. கழிப்பறைக் கதவருகே மூன்று. போட்டு முடித்ததும் கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை தடவிப் போய்வந்தார். நானும் கண்ணை மூடிக்கொண்டு பின்னாலேயே போனேன். இரண்டு முடிச்சு தட்டுப்பட்டபோது கால் தானாகத் திரும்பியது.

எல்லாம் இப்படி அமைந்துவிடவில்லை. அப்பத்தாவின் நாற்பது அடிக்குப் பேவர் பிளாக் பதித்தோம், ஆடியில் கச்சான் காற்று ஒரே வாரத்தில் மணலால் மூடிவிட்டது. காற்று வரும் பக்கம் பனைமட்டையால் அடைப்புக் கட்டிய பிறகே பாதை நின்றது. சாவடிப் படிக்குச் சாய்தளம் கட்டியபோது, ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பதைக் கொத்தனாரிடம் முதலிலேயே நான் சொல்லியிருக்க வேண்டும். நாலடியில் செங்குத்தாகக் கட்டியதை இடித்துத் திரும்பக் கட்டினோம்.

அரசுத் திட்டங்கள் இருக்கின்றனவே என்று சிலர் கேட்பார்கள். இருக்கின்றன, வேண்டும். மத்திய அரசின் வயோஸ்ரீ திட்டம் 2017 முதல் ஊன்றுகோலும் சக்கர நாற்காலியும் தருகிறது. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் இயன்முறைச் சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. ஆனால் தினமும் கொஞ்சம் நடங்கள் என்று சிகிச்சை தர வந்தவர்கள் சொல்லிவிட்டுப் போனால், நடக்கத் தரை வேண்டுமே. அந்தத் தரைக்குத்தான் எங்கள் பணம். 70 வயதைத் தாண்டியவர்களுக்கு ரேஷன் பொருளை வீட்டுக்கே கொண்டுவரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் வந்தபோது, இனிப் பாதை எதற்கு என்று எங்கள் அலுவலகத்திலேயே ஒருவர் கேட்டார். அரிசி வீட்டுக்கு வருவது பெரிய நிம்மதி, சரி. அதற்காக அப்பத்தா வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டுமா?

அவர் இப்போதும் சாயங்காலம் கடைத் திண்ணைக்குப் போகிறார். வாங்குவதற்கு ஒன்றுமில்லை. யார் வீட்டில் என்ன குழம்பு, இன்றைக்குப் பாசி என்ன விலை போனது என்று எல்லாம் கேட்டுவிட்டு, விளக்குப் போடும் நேரத்துக்குத் திரும்புகிறார்.

எங்கள் படிவத்தில் 'பயனாளிகள் எத்தனை பேர்' என்று ஒரு கட்டம் உண்டு. ராத்திரியில் அந்தக் கயிற்றைப் பிடித்தவர்களை யார் எண்ணினார்கள்? போன மாதம் போனபோது அந்த நாலு பேரிடமும், இப்போது பொழுது சாய்ந்த பிறகு தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டேன். மூன்று பேர் குடிக்கிறோம் என்றார்கள். நாலாவது ஆள் வீட்டுக்குக் கயிறு இன்னும் எட்டவில்லை. அடுத்த தடைக்காலத்துக்குள் இன்னும் இருபது அடி வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறார் தாத்தா, முடிச்சு அவரே போடுவாராம்.