குதிரை மாற்றிய ஊர்கள்

ஜூன் 11, செவ்வாய். லோனுவா-சுர்-வான்ஸ்

வடகிழக்கு பிரான்ஸில், ஆர்தென் மாவட்டத்துச் சிற்றூர். ஊருக்குச் சற்றும் பொருந்தாத அளவில் ஒரு கட்டடம் நிற்கிறது: 1654இல் எழுந்த அஞ்சல் குதிரை நிலையம். வண்டிக்கூடத்தின் கூரை முழுக்க மரம். உத்தரங்கள் சேருமிடங்களில் மர முளைகள் கட்டைவிரல் நீளத்துக்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கின்றன.

தபால் பை ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், ஓய்வு குதிரைக்குத்தான். ஏறத்தாழ 15 முதல் 20 கி.மீ.க்கு ஒரு நிலையம். களைத்தவற்றை அவிழ்த்துப் புதியவற்றைப் பூட்டுவார்கள். குதிரையோட்டி அமர்வது வண்டியில் அல்ல, இடப்பக்கக் குதிரையின் முதுகில். ஏர்க்கால் இடித்துக் கால் நசுங்காதிருக்க முழங்கால்வரை விறைத்த தோல் பூட்ஸ். அதைப் போட்டுக்கொண்டு நடப்பதே பெரும்பாடு. அடுத்த நிலையம்வரை ஓட்டிவிட்டு, அதே குதிரைகளோடு தன் லாயத்துக்குத் திரும்பிவிடுவான். கூடவே வழியில் கேட்ட பேச்சும் வந்து சேரும்!

ரயில் வந்தது, 1873இல் இந்த ஏற்பாடே முடிந்தது.

ஜூன் 12, புதன். சேன்ட்-மெனு

மதியம் கடைகளெல்லாம் சாத்தியிருந்தன. காரிலேயே ரொட்டியும் பாலாடைக்கட்டியும்.

1791 ஜூன் 21 மாலை, புரட்சியின் பிடியிலிருந்து மாறுவேடத்தில் தப்பியோடிய பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயியின் வண்டி குதிரை மாற்ற இங்கே நின்றது. நிலையத் தலைவர் ழான்-பத்தீஸ்த் துரூவே, முன்னாள் குதிரைப்படை வீரர். பணத்தாளில் அச்சிட்ட முகத்தோடு ஒப்பிட்டு மன்னரை அடையாளம் கண்டதாக அவர் பிற்பாடு சொன்னார். கதை கொஞ்சம் மெருகேறியிருக்கும் என்றே தோன்றுகிறது. ஆனால் அவர் வழிதவறாமல் துரத்தியதில் மர்மமே இல்லை. கிளெர்மோனில் வண்டியை விட்டுத் திரும்பிக்கொண்டிருந்த அவருடைய குதிரையோட்டிகளே எதிரே வந்து, வண்டி வாரென் பாதையில் திரும்பிவிட்டது என்றார்கள். லாயத்து ஆட்களைவிட நல்ல ஒற்றர்கள் எந்த அரசனுக்கு வாய்த்தார்கள்?

ஜூன் 13, வியாழன். வாரென்

இந்த ஊரில் அஞ்சல் நிலையமே கிடையாது. அரசத் திட்டத்தின் ஓட்டை அதுதான் என்பேன். மாற்றுக் குதிரைகளைத் தனியாக ஏற்பாடு செய்திருந்தார்கள். அவை ஆற்றுக்கு அப்பால் ஒரு விடுதியில் நின்றன. மன்னரின் ஆட்களோ இக்கரையில், இருட்டில், வீடு வீடாகக் கதவு தட்டித் தேடினார்கள். களைத்த குதிரைகளோடு இனி நகர மாட்டோம் என்றார்கள் குதிரையோட்டிகள். ஏறக்குறைய அரை மணி நேரம் போயிற்று. அதற்குள் காட்டுவழியாக வந்த துரூவே வண்டியைக் கடந்துபோய்ப் பாலத்தை அடைத்துவிட்டார்.

பாலத்தில் நின்று பார்த்தேன். அக்கரைக்கு நிதானமாக நடந்தாலும் ஒரு நிமிடம்தான்.

துரூவே பின்னர் தேசிய மன்றத்தில் அமர்ந்து மன்னரின் மரண தண்டனைக்கு வாக்களித்தார். ஆஸ்திரியர்களிடம் சிறைப்பட்டார். 1795 இறுதியில் மற்ற சில கைதிகளோடு அவரையும் விடுவித்தார்கள். பிரான்ஸ் பதிலுக்குக் கொடுத்தது மன்னரின் மகளை; அன்றிரவு அந்த வண்டிக்குள் இருந்த சிறுமியை.