அந்த வீட்டில் யாரும் சொல்லாத பெயர்

அண்ணன் ஓட்டிய இருசக்கர வாகனத்தின் பின்னிருக்கையில் அமர்ந்து சென்றவன் அவன். விபத்தில் அண்ணன் இறந்துவிட, 15 வயதான இவன் சிராய்ப்புகளோடு தப்பினான். (அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) நான்கு மாதங்களுக்குப் பிறகு அவனை என்னிடம் உளவியல் ஆலோசனைக்கு அழைத்து வந்த தந்தை, பள்ளிக்குப் போவதில்லை, எதிர்த்துப் பேசுகிறான், கதவை உடைத்துவிட்டான், திமிர் கூடிவிட்டது என்று அடுக்கிக்கொண்டே போனார். விபத்தைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. மருத்துவர் அனுப்பிய குறிப்பில்தான் அது இருந்தது.

இரவில் தூங்காததும், ஹாரன் சத்தத்திற்குத் தூக்கிவாரிப்போடுவதும், அந்தச் சாலையைத் தவிர்க்கச் சுற்றுவழியில் நடப்பதும் திமிரின் அடையாளங்கள் அல்ல. உளக்காயத்திற்குப் பின் இத்தகைய அறிகுறிகள் ஒரு மாதத்திற்கு மேல் நீடித்து அன்றாட வாழ்வைக் குலைத்தால் அதை ஒரு கோளாறாகக் கருத வேண்டும் என்பதும், வளரிளம் பருவத்தினரிடம் துயரம் பெரும்பாலும் எரிச்சலாகவே வெளிப்படும் என்பதும் எனக்குப் பாடமாகத் தெரிந்தவைதாம். தெரிந்திருந்தும் அவசரப்பட்டேன். இரண்டாவது அமர்விலேயே, அன்று நடந்ததைச் சொல்ல முடியுமா என்று கேட்டுவிட்டேன். அவன் எழுந்து போனவன், மூன்று வாரங்கள் வரவில்லை.

திரும்பி வந்தபோது விபத்தைத் தொடாமல், தூக்கத்தைப் பற்றியும், படபடப்பு வரும்போது மூச்சை நிதானப்படுத்துவது பற்றியும் மட்டும் பேசினோம். அவன் சொல்வதைப் பெற்றோரிடம் சொல்ல மாட்டேன், உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் மட்டுமே அதற்கு விலக்கு என்று மறுபடியும் விளக்கினேன். "இதையும் அப்பாதான் சொல்லச் சொன்னாரா?" என்று கேட்டான். அந்தச் சந்தேகம் தீர இன்னும் சில அமர்வுகள் ஆயின.

பெற்றோரைத் தனியே சந்தித்தபோதுதான் அந்த வீட்டின் நிலைமை விளங்கியது. மகன் உடைந்துவிடுவானோ என்று அஞ்சித் தாய் மூத்தவனின் புகைப்படங்களை எல்லாம் அலமாரிக்குள் வைத்துப் பூட்டியிருந்தார். அம்மா அழுவாரே என்று மகன் அண்ணன் பெயரைச் சொல்வதில்லை. தந்தையோ வேலையே கதியென்று கிடந்தார். ஒருவரையொருவர் காப்பாற்றுவதாக நினைத்து மூவரும் தனித்தனியே தவித்தார்கள். மகனுக்கு ஒதுக்கிய நேரத்திற்குச் சமமாகப் பெற்றோருக்கும் ஒதுக்க வேண்டும் என்று அன்று முடிவு செய்தேன். முதல் வாரத்திலேயே செய்திருக்க வேண்டியது அது.

பதினோராவது அமர்வில், வேகமாகப் போகச் சொன்னது தான்தான் என்று அவன் பெற்றோரின் முன்னிலையில் சொன்னான். அதற்கு முன்பு என்னிடம் அதைச் சொல்லிப் பார்த்து, எழுதிப் பார்த்து, கிழித்துப் போட்டு, மீண்டும் எழுதியவன். தந்தை வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "சாவியைக் கொடுத்தது நான்டா" என்றார். நான் ஏதும் சொல்லாமல் இருந்தேன். சொல்வதற்கு எனக்கு இடமும் இல்லை.

அவன் இப்போது வாரத்தில் நான்கு நாள் பள்ளிக்குச் செல்கிறான். வண்டியில் ஏற இன்னும் மறுக்கிறான். அவனோடு தந்தையும் நடந்தே போகிறார். அலமாரியிலிருந்து ஒரு புகைப்படம் வெளியே வந்திருப்பதாகத் தாய் சென்ற மாதம் சொன்னார்.